பவுடர் ப்ளூ டாங் மீன் வேவ்மேக்கர் முன்னாலேயே நிற்கிறது: இக்கா, வெல்வெட்டா?

1. பவளத்திட்டு

வணக்கம். 300 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டி). உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, பிஎச் 8.1, அம்மோனியா 0, நைட்ரைட் 0. உள்ளே ஒசெல்லாரிஸ் க்ளவுன் ஜோடி, ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு சிக்ஸ்லைன் ராஸ். 9 நாளுக்கு முன் பவுடர் ப்ளூ டாங் ஒன்று க்வாரன்டைன் இல்லாமல் நேரே உள்ளே போனது.

நேற்றுக் காலை டாங்கின் துடுப்பில் ஏழெட்டு வெள்ளைப் புள்ளி. மாலையில் ஒன்றுமில்லை. இன்று தீனி தொடவில்லை, வேவ்மேக்கர் தள்ளும் தண்ணீரை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கிறது. விளக்கு எரிந்தால் பாறைக்குப் பின்னால் போய்விடுகிறது. க்ளவுன்களும் வேகமாக மூச்சு வாங்குகின்றன. பவளத்துக்குக் கெடுதல் இல்லை என்று விற்கிற இக் (வெள்ளைப் புள்ளி நோய்) மருந்து கையில் இருக்கிறது. ஊற்றலாமா?

2. அலைமுகம்

இக்தான் ப்ரோ. தீனியில் பூண்டுச் சாறு கலந்து கொடுங்கள், ஒரு க்ளீனர் இறால் விடுங்கள். புள்ளிதான் போய்விட்டதே, மீன் தேறி வருகிறது.

3. செவுள்மூடி

பாட்டிலைத் திறக்காதீர்கள். புள்ளி போனதால் மீன் தேறிவிட்டது என்று கணக்குப் போட்டால் தொட்டியே காலியாகும்.

இக் ஒட்டுண்ணி, அதாவது கிரிப்டோகேரியான், மீனின் தோலுக்கு அடியில் 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுக்கும். பிறகு தானே கழன்று மணலிலோ பாறையிலோ கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் பிளந்து பெருகி, நூற்றுக்கணக்கில் வெளியே நீந்தி வந்து மறுபடி மீனைத் தேடும். ஆக, புள்ளி மறைந்த நாள்தான் அது பெருகத் தொடங்கும் நாள்.

ஆனால் நீங்கள் சொன்னதில் என்னை உறுத்துவது புள்ளி இல்லை. நீரோட்டத்தை எதிர்த்து நிற்பது, வெளிச்சத்துக்கு ஒளிவது, தீனி மறுப்பது, எல்லா மீனுக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்குவது. நான்கும் சேர்ந்தால் வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். வெல்வெட் முதலில் செவுளில் குடியேறும். தோலில் கண்ணுக்குத் தெரிவதற்குள் மீன் பாதி போயிருக்கும். எல்லா மீனும் ஒன்றாக இரைத்தால் தண்ணீரையும் சந்தேகிக்க வேண்டும். உங்கள் அம்மோனியா 0 என்பதால் ஆக்சிஜனை மட்டும் பார்த்துவிடுங்கள்: இப்போதே ஏர் ஸ்டோன் (காற்றுக்குமிழி விடும் கல்) ஒன்று போடுங்கள். அரை மணியில் மூச்சு தணிந்தால் தண்ணீர்க் கோளாறு. தணியாவிட்டால் ஒட்டுண்ணி.

அந்த அரை மணிக்குள் இரண்டு வேலை:

ஒன்று, ஒவ்வொரு மீனின் செவுள் அசைவையும் 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கி எழுதுங்கள். ஒரு பக்கச் செவுளை மட்டும் மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மூச்சு விடுகிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் செவுள் புழு, அது வேறு வைத்தியம்.

இரண்டு, அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சை மீனுக்கு நேராகப் பிடிக்காமல் தலைப் பக்கமிருந்து சாய்வாக அடியுங்கள். இக் என்றால் உப்புத்தூளை விரல் விட்டு எண்ணலாம் போல தனித்தனியாகத் தெரியும். வெல்வெட் என்றால் மாவு சலித்துத் தூவியது போல, லேசான மஞ்சள் மினுக்கத்தோடு எண்ண முடியாமல் இருக்கும்.

4. பவளத்திட்டு

ஏர் ஸ்டோன் போட்டு 40 நிமிடம் ஆகிறது. டாங் 164, க்ளவுன்கள் 128, 132, ராஸ் 96. குறையவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைகிறது. டார்ச்சில் டாங்கின் முதுகோரம் தூசி படிந்த மாதிரி இருக்கிறது, எண்ண முடியவில்லை. ஃபயர்ஃபிஷ் வெளியே வரவே இல்லை.

5. செவுள்மூடி

வெல்வெட் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். உறுதிப்படுத்துவதைப் போகிற போக்கில் செய்துகொள்ளலாம். இது ஒன்றிரண்டு நாளில் மொத்தத் தொட்டியையும் வாரிவிடும் நோய். தப்பிப் போய் இக்காகவே இருந்தாலும் இதற்குப் போடும் காப்பர் (செம்பு) மருந்தே அதற்கும் வேலை செய்யும். மாற்றி நினைத்தால்தான் ஆபத்து.

வரிசை இது: எல்லா மீனையும் பிடிக்க வேண்டும், நன்னீர் டிப் (நன்னீரில் சில நிமிடம் விட்டு எடுப்பது), பிறகு தனித் தொட்டியில் காப்பர். பவளம் இருக்கும் தொட்டியில் காப்பர் ஊற்றினால் நத்தை, இறால், பவளம் எதுவும் மிஞ்சாது. பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

பிடிக்க வலையோடு துரத்தாதீர்கள், மூச்சு வாங்கும் மீன் துரத்தலிலேயே போகும். தண்ணீரைப் பீப்பாயில் இறைத்து ஒரு சாண் உயரத்துக்குக் குறையுங்கள், பாறையை எடுங்கள், பிறகு ப்ளாஸ்டிக் டப்பாவால் அள்ளுங்கள். டாங்கின் வாலடி முள் வலையில் மாட்டும். அதற்கும் டப்பாதான் நல்லது.

6. உவர்மானி

அளவு வேலை என்னுடையது.

தனித் தொட்டி: 80 செ.மீ. நீளம், 40 அகலம், தண்ணீர் 35 உயரம் என்றால் 112 லிட்டர். அடியில் மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஒளிய பிவிசி எல்போ போதும். ஹீட்டர், ஏர் ஸ்டோன், ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஸ்பாஞ்சை இப்போதைய சம்ப்பிலிருந்தே (வடிகட்டும் துணைத் தொட்டி) எடுக்கலாம். அதில் ஒட்டுண்ணி இருந்தாலும் காப்பரில் தப்பாது, அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும் பாக்டீரியா பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். கார்பன், பாஸ்பேட் நீக்கி, யூவி (புற ஊதா) விளக்கு எதுவும் வேண்டாம்.

நன்னீர் டிப்: ஆர்ஓ தண்ணீர் 10 லிட்டர். வெப்பம் தொட்டியோடு ஒத்துப்போக வேண்டும். பிஎச் 8.1க்கு வரும்வரை சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, அளந்து அளந்து ஏற்றுங்கள். மீனை விடுமுன் ஏர் ஸ்டோனை அரை மணியாவது ஓடவிடுங்கள். 5 நிமிடம். முதல் நிமிடத்தில் மீன் சாய்ந்து படுப்பது சகஜம், பயந்து எடுத்துவிடாதீர்கள். மூச்சே நின்றால் எடுங்கள்.

டிப் நிவாரணம்தான், குணமல்ல. தோல் மேலிருப்பதில் கொஞ்சம் உதிரும், செவுளில் பதிந்தது அப்படியே இருக்கும். டாங் இந்த நிலையில் இருப்பதால் அதற்கு மட்டும் அடுத்ததாக ஹைட்ரஜன் பெராக்சைடு குளியல் கொடுப்பேன்: லிட்டருக்கு 75 மில்லிகிராம், 30 நிமிடம், தொட்டி உப்பளவுள்ள புது உப்புநீரில். 3 சதவீதக் கரைசல் என்றால் லிட்டருக்கு 2.5 மி.லி., 10 லிட்டருக்கு 25 மி.லி. பாட்டிலில் 6 சதவீதம் என்றிருந்தால் பாதி. 30 சதவீதத்துக்கு மேலான ஆய்வகச் சரக்கைத் தொடாதீர்கள். ஒரு சொட்டு தப்பினால் செவுள் வெந்துவிடும்.

காப்பர்: கட்டுண்ட வகை, காப்பர் பவர் போன்றது, என்றால் இலக்கு 2.25 முதல் 2.5 பிபிஎம் (லிட்டருக்கு மி.கி.). க்யூப்ரமைன் என்றால் 0.5. இரண்டையும் குழப்பி க்யூப்ரமைனை 2.5க்கு ஏற்றினால் மீன் பிழைக்காது. இன்று 1.5 வரை போடுங்கள், அடுத்த 48 மணியில் படிப்படியாக 2.25க்கு. பாட்டில் சொல்வதை நம்பி நிறுத்தாமல் ஹான்னாவின் உயர் அளவு காப்பர் செக்கரில் பாருங்கள். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட்டில் 2.0க்கும் 2.5க்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது.

7. கண்ணாடிவில்லை

டிப் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்! நுண்ணோக்கி இருந்தால் அதில்தான் சாட்சி இருக்கிறது. உயரமான கண்ணாடி டம்ளரில் ஊற்றி 20 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியிலிருந்து சொட்டுக் குழாயால் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஓரத்தில் லுகால் அயோடின் ஒரு சிறு துளி. வெல்வெட் ஒட்டுண்ணிக்குள் மாவுச்சத்து இருப்பதால் அயோடினில் பழுப்புக் கறுப்பாகும். 40, பிறகு 100 மடங்கு போதும்.

டிப் வாளி கறுப்பு நிறமாக இருந்தால் இன்னொரு லாபம். அடியில் எள்ளளவு, வெள்ளையாக வெளிறிய தட்டைத் துணுக்குகள் கிடந்தால் அவை தோல் புழுக்கள், நியோபெனடீனியா வகை. மீன் மேல் இருக்கும்போது கண்ணாடி மாதிரி இருப்பதால் யாருக்கும் தெரியாது. நன்னீர் பட்டதும் வெளுத்து உதிரும்.

8. கழிமுகம்

காப்பர் எதற்கு? ராஸுக்குக் காப்பர் ஒத்துக்கொள்ளாது. உப்பை 1.009க்கு இறக்கினால் மருந்தே வேண்டாமே.

9. செவுள்மூடி

இக்குக்குச் சரி, வெல்வெட்டுக்கு இல்லை. வெல்வெட் ஒட்டுண்ணியான அமிலூடினியம் உப்பு மிகக் குறைந்த கழிமுக நீரிலும் பிழைக்கும் ஜாதி. 1.009ல் அது சௌகரியமாக இருக்கும், மீன்தான் போகும். இக்கிலும்கூட அந்த முறை 1.009ல் கச்சிதமாக நின்றால்தான் வேலை செய்யும். ஒரு நாள் 1.011 ஆனால் எண்ணிக்கை முதலிலிருந்து. ரிஃப்ராக்டோமீட்டரை (உப்பளவு பார்க்கும் கருவி) வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்ஜியம் செய்துவிட்டு நம்புகிறவர்கள் தோற்பது இங்கேதான். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுக் கரைசலில் சரிபார்க்க வேண்டும்.

தொட்டி மாற்று முறையும் அப்படித்தான். 72 மணிக்கு ஒரு முறை, நான்கு தடவை, ஒவ்வொரு முறையும் உலர்ந்த தொட்டி, உலர்ந்த சாமான் என்று மாற்றினால் இக்குக்கு மருந்தே வேண்டாம். கூடு கட்டியது பழைய தொட்டியோடு போய்விடும். வெல்வெட் அந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்படாது.

ராஸ் பற்றிச் சொன்னது நியாயம். அதைத் தனி டப்பாவில் வைத்துக் காப்பரை மெதுவாக ஏற்றலாம். ஆனால் காப்பரே வேண்டாம் என்று வைத்துக்கொள்ள இதில் வழியில்லை.

10. பவளத்திட்டு

நான்கு மீனும் தனித் தொட்டியில். ஃபயர்ஃபிஷ் மட்டும் பாறைத் துளைக்குள் இருக்கிறது. டிப் அடிச்சொட்டில் கறுத்த உருண்டைகள் நிறைய. எதுவும் அசையவில்லை. சிலவற்றுக்கு ஒரு முனை சற்றுக் கூம்பியிருக்கிறது.

11. கண்ணாடிவில்லை

அசைவில்லாத, கறுத்த, பேரிக்காய் முனை. வெல்வெட்தான், சந்தேகமில்லை. கூம்பிய முனையில்தான் அது வேர் விட்டுச் செவுளைப் பிடித்துக்கொள்கிறது.

மற்றவர்கள் ஒப்பிட: தோல் சுரண்டலில் பெரிதாக, கறுப்பாக, சுற்றிலும் மயிர் அசைய மெதுவாக உருண்டுகொண்டே இருந்தால் இக். மொச்சை வடிவில், சறுக்கிச் சறுக்கி நகர்ந்தால் புரூக்லினெல்லா என்ற வேறொரு ஒட்டுண்ணி. சிறிய நீர்த்துளி வடிவில், கண்ணால் தொடர முடியாத வேகத்தில் ஓடினால் யூரோனிமா, அதுவும் ஒட்டுண்ணிதான். யூரோனிமா என்றால் குரோமிஸ், ஆன்தியாஸ் மீன்களின் விலாவில் சிவந்த புண் இருக்கும். காப்பர் அதை ஒன்றும் செய்யாது.

இறந்த மீனைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: ஒரு மணிக்குள் செவுள் மூடியை வெட்டி, ஒரு செவுள் வளைவின் நுனியைக் கத்தரித்து, நன்னீர் படாமல் தொட்டி நீரிலேயே வைத்துப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் பார்ப்பது வீண்.

12. சிப்பிஓடு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதே போல மூச்சு, ஆனால் க்ளவுனுக்கு மட்டும். மேலெல்லாம் சளி, தோல் உரிந்து நூல் நூலாகத் தொங்குகிறது. இதற்கும் காப்பரா?

13. செவுள்மூடி

இல்லை. அது புரூக்லினெல்லா. காப்பர் போட்டுக் காத்திருந்தால் இரண்டு நாளில் க்ளவுன் இருக்காது.

37 சதவீத ஃபார்மலின் குளியல்: 150 பிபிஎம், அதாவது 10 லிட்டர் உப்புநீருக்கு 1.5 மி.லி., 30 முதல் 45 நிமிடம். காற்று பலமாக ஓட வேண்டும், ஃபார்மலின் ஆக்சிஜனைத் தின்னும். மீன் துவண்டால் உடனே எடுங்கள். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவு இருந்தால் தூக்கிப் போடுங்கள், அது பலமடங்கு நச்சு. கையுறை, ஜன்னல் திறப்பு கட்டாயம், முகர்ந்து பார்க்கிற வேலையே கூடாது. குளித்த மீனைப் பழைய தொட்டிக்குத் திருப்பாமல் வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்றுங்கள். புரூக்லினெல்லாவுக்குக் கூடு கட்டும் கட்டம் கிடையாது, மீன் மேலேயே இரண்டாகப் பிளந்து பெருகும். அதனால்தான் இவ்வளவு வேகம்.

14. பவளத்திட்டு

4ஆம் நாள். டாங் மூச்சு 110, கடற்பாசித் தாளைக் கொத்த ஆரம்பித்திருக்கிறது. ஆனால் காப்பர் நேற்று 2.10, இன்று 1.62. அம்மோனியா 1.0. அம்மோனியாவைக் கட்டும் திரவம் ஊற்றட்டுமா?

15. உவர்மானி

ஊற்றாதீர்கள். காப்பர் இருக்கும் தொட்டியில் அந்தத் திரவங்களை நினைக்கவே வேண்டாம். க்யூப்ரமைன் போன்றவற்றோடு சேர்ந்தால் அவை காப்பரை இன்னும் கொடிய வடிவத்துக்கு மாற்றிவிடும்.

முதலில் காப்பர். 2.10க்கும் 1.62க்கும் வித்தியாசம் 0.48. 112 லிட்டரில் கிட்டத்தட்ட 54 மில்லிகிராம். காப்பர் ஆவியாகாது. தண்ணீர் வற்றினால் அளவு ஏறத்தான் செய்யும், இறங்காது. எனவே உள்ளே ஏதோ உறிஞ்சுகிறது. மீன் ஒளிய லைவ் ராக் (பாக்டீரியா குடியேறிய பாறை) துண்டோ சிப்பியோ வைத்தீர்களா? அல்லது குப்பியில் விரல் ரேகையும் குமிழியும் இருந்து செக்கர் தப்பாகக் காட்டியதா? துடைத்து மறுபடி அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

அம்மோனியா: பிஎச் 8.1, 26 டிகிரியில் மொத்தத்தில் ஏறக்குறைய 20ல் 1 பங்கு நச்சு வடிவம். 1.0 என்றால் 0.05. ஏற்கெனவே புண்ணான செவுளுக்கு இது அதிகம். 40 லிட்டர் மாற்றுங்கள். ஆனால் புது உப்புநீரில் முதலில் காப்பரைக் கலந்து, தொட்டிக்கு வேண்டிய அளவுக்கு ஏற்றிய பிறகு ஊற்றுங்கள். வெறும் உப்புநீர் ஊற்றிவிட்டுப் பிறகு மருந்து சேர்த்தால் நடுவில் அளவு சரியும். ஆவியாகும் தண்ணீருக்கு மட்டும் வெறும் ஆர்ஓ. தீனி போட்ட 5 நிமிடத்தில் மீதியை உறிஞ்சி எடுங்கள்.

16. பவளத்திட்டு

லைவ் ராக் துண்டு ஒன்று வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். துடைத்து அளந்ததில் 1.64.

17. உவர்மானி

அப்போது கல்தான். அந்தக் கல்லைப் பெரிய தொட்டிக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள், உறிஞ்சியதை அங்கே கக்கும். 24 மணியில் 2.25க்கு ஏற்றுங்கள். மீன் காப்பரில் இருக்க வேண்டிய 30 நாள் கணக்கு 2.25ஐத் தொடும் நாளிலிருந்துதான். கழிந்த நான்கு நாள் கணக்கில் சேராது.

18. அலைமுகம்

ஃபயர்ஃபிஷ்ஷுக்கு ஒன்றுமே இல்லையே, பெரிய தொட்டியிலேயே இருக்கட்டுமே? யூவியும் க்ளீனர் இறாலும் பார்த்துக்கொள்ளாதா?

19. செவுள்மூடி

அந்த ஒரு மீன் போதும் ஒட்டுண்ணிக்கு. நோய் தெரியாத மீன் என்றால் நோய் இல்லாத மீன் இல்லை, செவுளில் நாலைந்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டும். யூவி தன் வழியாகப் போகிற நீந்திகளைக் கொல்லும், மணலில் கூடு கட்டியதைத் தொடாது. மீனின் தோலுக்கு அடியில் இருப்பதை இறால் தோண்டி எடுக்காது. பூண்டு பசியைத் தூண்டலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

துளையுள்ள பாறையை அப்படியே தூக்கி, வாளிக்கு மேல் சாய்த்துப் பிடித்து, துளையில் கொஞ்சம் அடர் உப்புநீரைப் பீய்ச்சுங்கள். வெளியே குதிக்கும். வாளிக்கு மூடி முக்கியம், ஃபயர்ஃபிஷ் பறக்கும்.

அது வெளியே வந்த நாளிலிருந்து பெரிய தொட்டி மீனில்லாமல் 76 நாள். வெல்வெட்டுக்கு மட்டும் என்றால் 6 வாரம் போதும். ஆனால் முதல் நாள் எண்ணக்கூடிய புள்ளி பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், இக்கும் கூடவே இருந்திருக்கலாம். இக்கின் கூடு 72 நாள் வரை உயிரோடு இருந்து வெடித்த பதிவு உண்டு. இடையில் புது நத்தையோ பவளமோ சேர்த்தால் எண்ணிக்கை மறுபடி 1. அவற்றின் ஓட்டிலும் கூடு வரும். வாரம் ஓரிரு முறை சிட்டிகை தீனி போட்டால் பாக்டீரியா பட்டினி கிடக்காது.

20. கண்ணாடிவில்லை

இன்னொன்று: இரண்டு தொட்டியும் ஒரே அறையில் என்றால் 3 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். வெல்வெட் நீந்திகள் குமிழி வெடிக்கும் நீர்த்தூவலில் ஏறி, காற்றோட்டத்தில் 3 மீட்டர் வரை போகும். மின்விசிறி வேண்டாம், மூடி போடுங்கள். வலை, குழாய், கை எல்லாம் முதலில் பெரிய தொட்டி, பிறகுதான் தனித் தொட்டி. நனைந்த கையோடு திரும்பாதீர்கள்.

21. பவளத்திட்டு

ஃபயர்ஃபிஷ்ஷும் வந்துவிட்டது, காப்பர் 2.28. 30 நாள் முடிந்ததும் கார்பன் போட்டுக் காப்பரை எடுத்துவிட்டு அதே தொட்டியில் வைத்திருக்கலாமா?

22. உவர்மானி

வைக்கலாம். கார்பனும் இரண்டு பெரிய நீர்மாற்றமும் போட்டு, செக்கரில் 0 பார்த்துவிட்டு, லிட்டருக்கு 2.5 மி.கி. பிராசிகுவான்டல் என்ற புழு மருந்து. உங்கள் 112 லிட்டருக்கு 280 மி.கி. தண்ணீரில் லேசில் கரையாது, சிறு குப்பியில் வெதுநீரோடு நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். அதற்கு முன் கார்பனை எடுத்துவிட வேண்டும். புழு முட்டையை அது தொடாது என்பதால் 5 முதல் 7 நாளில் இரண்டாம் டோஸ். பால் மாதிரி தண்ணீர் கலங்கினால் பாக்டீரியா பெருகி ஆக்சிஜன் இறங்குகிறது, ஏர் ஸ்டோனைக் கூட்டுங்கள். ராஸ் தீனியை நிறுத்தினால் நீர் மாற்றிவிடுங்கள்.

மீதி நாட்கள் மருந்தில்லாமல் கவனிப்பு. 76 முடியும் வரை அங்கேயே. திரும்ப விடும்போது தனித் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டும் பெரிய தொட்டிக்குள் போகாமல், மீனை மட்டும் டப்பாவில் அள்ளி விடுங்கள். இரண்டின் உப்பளவும் முன்கூட்டியே ஒன்றாக இருந்தால் சொட்டுச் சொட்டாகப் பழக்கும் வேலையே இல்லை.

காலியான தொட்டியை ப்ளீச்சில் ஊறவைத்து, கழுவி, 48 மணி முழுக்க உலர்த்துங்கள். சிலிக்கானில் காப்பர் தங்கியிருக்கலாம், அதில் இனி பவளமோ இறாலோ வைக்காதீர்கள். ஹீட்டர் மேல் ஒரு பட்டை ஒட்டி 'காப்பர்' என்று எழுதி வையுங்கள்.